தம்பிரான் தோழரும் அடியார் உறவும்

ஆண்டவனிடத்து அன்பு செலுத்துவார் பலர். அவர்களுள்ளும் சிலர்க்கு அயலாரோடு ஒத்து வாழ்தல் அரிதாகவே இருந்துவிடுகின்றது. விடியற்காலையில் நீராடித் திருநீறணிந்து, ஆலயம் சென்று, மனம் உருகி வழிபட்டு மீளும் ஒருவர் உடன்பிறந்தாரோடு முகங்கொடுத்துப் பேசாதிருத்தலும், ஒரே திருப்பணிக்குப் பொருள் ஈந்த இருவர் முதல் மரியாதை யாருக்கு என்பது பற்றிப் பிணங்கி நிற்றலும் உலகியலில் காணப்படுவனவே. கடவுளிடத்து வைக்கும் அன்பு வேறு, மக்களோடு கொள்ளும் உறவு வேறு; பின்னது குறைபட்டாலும் முன்னது நிறைவுடையதாகவே இருக்கும் என்று கருதுவாரும் உளர். அக்கருத்துப் பொருந்துமா என்பதற்கு விடையாக அமைந்திருப்பது, இறைவனுக்கே தோழராக விளங்கிய சுந்தரமூர்த்தி நாயனாரின் திருவரலாறு.

சேக்கிழார் பெருமான் 12-ஆம் நூற்றாண்டில் அருளிய பெரியபுராணத்தில் முதலும் முடிவுமாக நிற்பவர் சுந்தரர். அவர் வாழ்வில் திருக்கோயில்களும் திருப்பதிகங்களும் நிறைந்துள்ளன. இல்லறமும், நட்பும், பொருள் முட்டும், ஊடலும், பகையும், பொறுத்தலும் அவ்வாறே நிறைந்துள்ளன. அவர் வேண்டியவற்றையெல்லாம் இறைவர் கொடுத்தார். பொன் கேட்டபோது பொன்னும், நெல் கேட்டபோது நெல்லும் தந்தார். ஆயினும், பிறர்க்குச் செலுத்த வேண்டிய கடமையினின்றும் தப்பிச் செல்வதற்கு மட்டும் தம் தோழருக்கு அவர் ஒருபோதும் இடங்கொடுத்தாரல்லர். இவ்வுண்மையை மனத்திற்கொண்டு நோக்கின், அத்திருவரலாற்றின் நிகழ்ச்சிகள் புதியதோர் ஒளியோடு விளங்கும்.

அடிமையும் தோழமையும்

ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன், திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூரில், ஆதிசைவ மரபில் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் திருமகனாராகத் தோன்றியவர் நம்பியாரூரர். தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிய குழந்தையைக் கண்டு அன்பு மீதூர்ந்த நரசிங்கமுனையரையர் என்னும் மன்னர், பெற்றோரிடம் வேண்டிப் பெற்று அரசிளங்குமரராக வளர்த்தார். புத்தூர்ச் சடங்கவி சிவாசாரியாரின் மகளாரை மணம் புரிய நம்பியாரூரர் மணப்பந்தரில் அமர்ந்திருந்த வேளையில், முதிய வேதியர் ஒருவர் வந்து, அவர் தமக்கு வழிவழி அடிமை என்று வழக்கெடுத்தார். நம்பியாரூரர் அவரைப் பித்தர் என இகழ்ந்தார். அவர் காட்டிய ஓலையைப் பறித்துக் கிழித்தார். கிழிந்தது படியோலையே என்றும், மூல ஓலை தம்மிடம் உள்ளது என்றும் கூறிய முதியவர், வழக்கைத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குக் கொண்டு சென்றார். பாட்டனாரின் கையெழுத்தோடு ஒத்துப் பார்த்த அவையத்தார் முதியவர் பக்கமே தீர்ப்பளித்தனர்.

அவ்வூரில் தம் இல்லம் எது என்று காட்டுவார்போல் முதியவர் திருவருட்டுறைக் கோயிலுட் புகுந்து மறைந்தார். பின்னர் இடபத்தின்மேல் காட்சி தந்தருளினார். வன்மை பேசி வழக்காடியமையால் வன்றொண்டர் என்னும் பெயர் தந்து, தம்மைப் பாடுமாறும் பணித்தார். இகழ்ச்சியாகச் சொன்ன பித்தர் என்னும் சொல்லே அவர்தம் முதற் பதிகத்தின் முதற் சொல்லாயிற்று. பின்னர்த் திருவாரூரில், தம்மையே தோழமையாகத் தந்ததாக இறைவர் அருளிச்செய்ய, அன்று முதல் நம்பியாரூரர் தம்பிரான் தோழர் எனப் போற்றப்பெற்றார். பரவையாரை மணந்து அவ்வூரிலேயே இனிது வாழ்ந்து வந்தார்.

தேவாசிரிய மண்டபத்தில் நின்ற அடியார்கள்

இறைவனுக்குத் தோழரானவர் வேறு எவரையும் பொருட்படுத்த வேண்டுவதில்லை என்று உலகத்தார் நினைக்கக்கூடும். அந்நினைவு தவறென்பதைத் திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்து நிகழ்ச்சி காட்டிற்று. அம்மண்டபத்தில் அடியார்கள் திரளாகக் கூடியிருந்தனர். அவர்களுக்கு அடிமையாகும் நாள் எந்நாளோ என்று உள்ளத்தில் நினைந்தவாறே, நம்பியாரூரர் ஒரு புறமாக ஒதுங்கிப் பெருமானை வணங்கச் சென்றார்.

அவர் நினைவு தூயதே. ஆயினும் அங்கிருந்தவர்கள் கண்டது அவர் ஒதுங்கிச் சென்றதை மட்டுமே. மலைநாட்டுச் செங்குன்றூரில் தோன்றியவரான விறன்மிண்ட நாயனார் இதனைப் பொறுத்தாரல்லர். அடியாரை வணங்காது செல்லும் வன்றொண்டரும் புறம்பானவர், அவரை ஆண்ட பெருமானும் புறம்பானவர் என்று அஞ்சாது கூறினார். தம்மையே ஒதுக்கிய அச்சொல்லுக்குப் பெருமான் வெகுளவில்லை. அடியார்களின் பெருமையை நம்பியாரூரருக்கு எடுத்துரைத்து, அவர்களைப் பணிந்து பாடுமாறு கட்டளையிட்டு, முதலடியையும் தாமே எடுத்துக் கொடுத்தருளினார். அதன் பயனாக எழுந்ததே திருத்தொண்டத்தொகை.

11 பாடல்களாலான அச்சிறு பதிகம் சைவ உலகிற்குச் செய்த நன்மை அளவிடற்கரியது. நம்பியாண்டார் நம்பியின் திருவந்தாதிக்கும், சேக்கிழாரின் பெரியபுராணத்திற்கும் அதுவே வித்து. தில்லைவாழந்தணரை அடுத்து அப்பதிகம் போற்றுவது திருநீலகண்டராகிய குயவரை. வேடர், வண்ணார், பரதவர், புலையர், வணிகர், வேந்தர் ஆகிய பல குலத்தாரும் அதில் ஒரே வரிசையில் நிற்கின்றனர். அரச குமரராக வளர்ந்து, ஆண்டவனின் தோழராக உயர்ந்த ஒருவர், அவர்கள் ஒவ்வொருவர்க்கும் தாம் அடிமை என்று வாயாரப் பாடினார். தம்மைப் புறம்பென்று விலக்கிய விறன்மிண்டரையும் அதில் மறவாமல் வைத்துப் போற்றினார். ஆலயங்களில் அறுபத்துமூவர் திருவுருவங்கள் நிரலாக எழுந்தருளியிருத்தலைக் காணும் அன்பர்கள், இத்திருவரிசை ஒரு பிணக்கிலிருந்து பிறந்தது என்பதை நினைவிற்கொள்ளத் தகும்.

ஊரார்க்கு உரிய நெல்

நம்பியாரூரர் பெற்ற அருட்கொடைகளும் அவர் ஒருவரளவில் நின்றனவல்ல. குண்டையூர்க் கிழவர் என்னும் அன்பர் அவர் திருமாளிகைக்கு நெல் அனுப்பி வந்தார். மழை பொய்த்து விளைவு குன்றிய காலத்தில் அவர் வருந்த, இறைவர் அவ்வூரில் நெல் மலையையே குவித்தருளினார். அதனை எடுத்துச் செல்ல ஆள் வேண்டித் திருக்கோளிலியில் நம்பியாரூரர் பாட, பூதகணங்கள் அன்றிரவே அந்நெல்லைத் திருவாரூரிற் கொணர்ந்து தெருவெல்லாம் நிரப்பின. பொழுது விடிந்ததும் பரவையார் செய்த செயல் பொன்னேபோற் போற்றற்குரியது. அவரவர் மனையெல்லையில் கிடக்கும் நெல்லை அவரவரே எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் ஊரெங்கும் பறையறைவித்தார். தம் வீட்டிற்கென்று வந்த அருட்கொடையை ஊரார்க்கு உரியதாக்கினார் அவ்வம்மையார்.

திருநாட்டியத்தான்குடியில் கோட்புலியார் தம் மகளிராகிய சிங்கடியாரையும் வனப்பகையாரையும் அழைத்து வந்து, அடிமைகளாக ஏற்றருளுமாறு நம்பியாரூரரை வேண்டினார். அவரோ அவ்விருவரையும் தம் மக்களாக ஏற்று, மடிமீதிருத்தி உச்சி மோந்து மகிழ்ந்தார். தம்மைச் சிங்கடிக்குத் தந்தை என்று பதிகத்திலும் குறித்துக்கொண்டார். தாம் இறைவனுக்கு அடிமை என்பதில் பெருமை கொண்டவர், பிறரை அடிமையாக்கிக்கொள்ள ஒருப்படாமை ஈண்டு உணரத்தக்கது.

மகிழின்கீழ்ச் செய்த சூளுரை

இவ்வாறு பேரன்பினராக விளங்கியவர் வாழ்விலும் ஒரு பெரும் பிழை நேர்ந்தது. திருவொற்றியூரில் கன்னிமாடத்திலிருந்து இறைவனுக்குத் திருமாலை தொடுக்கும் தொண்டு செய்துவந்த சங்கிலியாரை அவர் கண்டு விரும்பினார். அவரைத் தமக்குத் தந்தருளுமாறு பெருமானையே வேண்டினார். பெருமான் சங்கிலியார் கனவில் தோன்றி அதனை உரைத்தருள, அவ்வம்மையார் பணிவோடு ஒன்றை விண்ணப்பித்தார். நம்பியாரூரர் திருவாரூரில் மகிழ்ந்து வாழ்பவர் என்பதை அவர் குறிப்பாக உணர்த்தினார். பின்னர்த் தம்மை விட்டுப் பிரிவாரோ என்னும் அச்சமே அவ்விண்ணப்பத்தின் உட்பொருள். பிரியேன் என்று சூளுரை செய்து தருவார் எனப் பெருமான் உறுதி கூறினார்.

நம்பியாரூரர் ஓர் உபாயம் எண்ணினார். தலந்தோறும் சென்று வழிபடும் தமக்கு ஓரூரில் தங்குதல் இயலாது. ஆதலின் தாம் சந்நிதியில் சூளுரைக்கும் நேரத்தில், பெருமான் அங்கிராமல் மகிழ மரத்தின்கீழ் எழுந்தருளியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். இறைவன் இல்லாத சந்நிதியில் சொன்ன சொல் தம்மைப் பிணிக்காது என்பது அவர் எண்ணம். தோழருக்காகப் பெருமான் அதற்கு இசைந்தார். உடனே சங்கிலியாரிடம் சென்று, சூளுரையைச் சந்நிதியில் கேளாது மகிழின்கீழ்க் கேட்குமாறும் அருளிச்செய்தார்.

மறுநாள் அவ்வாறே நிகழ்ந்தது. நம்பியாரூரர் திகைத்தார், எனினும் மறுக்கலாற்றாது மகிழின்கீழ் நின்று பிரியேன் என உறுதி கூறினார். தோழர் ஒருபுறமும் தம்மையே நம்பியிருந்த ஒரு பெண் ஒருபுறமும் நின்றபோது, இறைவர் அப்பெண்ணின் நம்பிக்கையையே காத்தருளினார். வழிபாட்டுரிமை என்னும் காரணத்தைக் காட்டி ஒருவர்க்குக் கொடுத்த வாக்கினின்றும் நழுவுதலை அவர் ஏற்கவில்லை.

காலம் சென்றது. தென்றல் வீசும் வேனிற் பருவம் வந்தது. திருவாரூர் வசந்த விழா நினைவிற்கு வர, ஆற்றாமை மேலிட்டு நம்பியாரூரர் ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். கடந்த அளவில் இரு கண்களும் ஒளி இழந்தன. அவர் புறப்பட்டது இறைவனை வழிபடவே எனினும், அது வாக்குப் பிழைத்த குற்றத்தைத் துடைக்கவில்லை. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் ஒன்றே கிடைத்தது. கச்சித் திருவேகம்பத்தில் இடக்கண் பெற்றார். திருத்துருத்தியில் உடற்பிணி நீங்கினார். திருவாரூரிலேயே வலக்கண்ணும் பெற்றார். அவ்வழியெல்லாம் அவர் பாடிய பதிகங்களில் தோழருக்குரிய உரிமையும், பிழை செய்தவர்க்குரிய நாணமும் ஒருங்கே ஒலிக்கின்றன.

தூது நடந்த திருவடிகள்

கண் பெற்றும் அவருக்கு வீடு கிடைக்கவில்லை. ஒற்றியூர்ச் செய்தியைக் கேட்டிருந்த பரவையார் வெகுண்டு, அவர் தம் மாளிகைக்குள் வருதலையும் பொறாதவராயினார். இடைநின்று பேசியவர்களிடம், இனியும் அது பற்றிப் பேசின் உயிர் துறப்பதாகவும் உரைத்தார். நள்ளிரவில் நம்பியாரூரர் இறைவனை நினைந்து வருந்த, திருமாலும் நான்முகனும் காணாத திருவடிகள் திருவாரூர்த் தெருவில் நடந்தன. அர்ச்சகர் வடிவில் வந்து பெருமான் வேண்டியும் பரவையார் இசையவில்லை. இறைவர் மறுசொல்லின்றி மீண்டார். தோழர் துயரம் கண்டு இரண்டாம் முறையும் நடந்து சென்று, தம் உண்மை வடிவோடு எழுந்தருளினார். பரவையார் நடுநடுங்கி வணங்கி ஊடல் தீர்ந்தார். ஒரு குடும்பத்தின் பிணக்கைத் தீர்ப்பது தமக்கு ஏலாத சிறு பணி என்று இறைவர் எண்ணவில்லை என்பதும், முதல் முறை மறுக்கப்பட்டும் அவர் சினவாமையும் இல்லறத்தார் யாவரும் சிந்திக்கத்தக்கன.

பெருமங்கலத்துப் பகை

ஒரு பிணக்குத் தீர்ந்த இடத்தில் மற்றொரு பகை மூண்டது. திருப்பெருமங்கலத்தில் வாழ்ந்த ஏயர்கோன் கலிக்காமர், சோழர் சேனாபதி மரபினர். திருப்புன்கூர்ப் பெருமானுக்குத் தொண்டு பல புரிந்தவர். ஒரு பெண்ணின் ஊடல் தீர்க்க இறைவனைத் தூதாக ஏவினார் ஒருவர் என்று கேட்ட அளவில் அவர் உள்ளம் கொதித்தது. அவரை நேரிற் காணின் என்ன விளையுமோ என்று கூறும் அளவிற்கு அவர் சினம் முற்றியது. பெருமானிடத்துக் கொண்ட பேரன்பே அச்சினத்திற்குக் காரணம். இதனைக் கேள்வியுற்ற நம்பியாரூரர் தம் பிழையை ஒப்புக்கொண்டு, கலிக்காமரின் சினம் தணியுமாறு இறைவனிடம் நாள்தோறும் விண்ணப்பித்து வந்தார்.

அடியவர் இருவர் இவ்வாறு பிரிந்து நிற்றலைப் பெருமான் திருவுளங்கொண்டு, கலிக்காமருக்குச் சூலைநோயை ஏவினார். நோய் தாங்காது அவர் முறையிட, அதனை வன்றொண்டரே தீர்க்கவல்லார் என்று அருளினார். இறைவர் நினைத்திருப்பின் அந்நோயைத் தாமே தீர்த்திருக்கலாம். பகைத்தவர் கையால் மருந்து பெறவேண்டும் என்பதே அவர் திருவுள்ளம். கலிக்காமரோ, அவரால் தீர்வதினும் நோயோடு கிடத்தலே மேல் என்றார்.

நோய் தீர்க்குமாறு கட்டளை பெற்ற நம்பியாரூரர் முன்னதாகச் செய்தி அனுப்பிவிட்டு மகிழ்வோடு புறப்பட்டார். அவர் வருமுன் இவ்வயிற்றைக் கிழிப்பதே தகும் என்று கலிக்காமர் வாளால் தம்மைக் குத்திக்கொண்டு உயிர் நீத்தார். அவர் மனைவியார், மானக்கஞ்சாற நாயனாரின் மகளார். உடன் உயிர்விடத் துணிந்த அவ்வம்மையார், அடியார் எழுந்தருளுகின்றார் என்று கேட்டதும், அழுகையை நிறுத்துமாறு சுற்றத்தாரைப் பணித்து, விளக்கும் நிறைகுடமும் வைத்து எதிர்கொள்ளச் செய்தார். நோயாளரைக் காண வேண்டும் என்று நம்பியாரூரர் கேட்க, அவர் நலமாக உள்ளே துயில்கின்றார் என்றனர் ஏவலர். ஆயினும் காணாது அமையேன் என்று உட்புகுந்தவர், குருதி சோரக் குடர் சரிந்து கிடந்த உடலைக் கண்டார். இவர் சென்ற வழியே தாமும் செல்வதாகக் கூறி, அவ்வுடைவாளையே பற்றினார்.

அக்கணத்தில் இறைவன் திருவருளால் கலிக்காமர் உயிர் பெற்றெழுந்தார். எழுந்தவர் முதலிற் செய்தது, தம் பகைவர் கையிலிருந்த வாளைப் பற்றித் தடுத்தது. நம்பியாரூரர் அவர் அடியில் வீழ்ந்தார். கலிக்காமர் வாளை எறிந்துவிட்டு இவர் அடியில் வீழ்ந்தார். இருவரும் எழுந்து தழுவிக்கொண்டு, ஒன்றாகவே திருப்புன்கூர் சென்று வழிபட்டனர். ஏயர்கோனின் பெரும்பிணி தீர்ந்த செய்தியைத் திருப்புன்கூர்ப் பதிகத்தில் நம்பியாரூரர் பதிந்து வைத்துள்ளார்.

ஈண்டு ஒன்று நினைக்கத்தகும். திருத்தொண்டத்தொகையில் கலிக்காமரின் பெயரும் உண்டு. அவருடைய அடியார்க்கும் தாம் அடிமை என்று நம்பியாரூரர் முன்னரே பாடியிருந்தார். பாட்டில் எளிதாக ஏற்ற அவ்வடிமையை வாழ்வில் மெய்ப்பிக்கும் நாள் பெருமங்கலத்தில் வந்தது. தம்மை வெறுத்த ஒருவருக்காக உயிர்விடத் துணிந்த அன்றே அப்பாட்டு முழுமை பெற்றது எனலாம்.

தனியே செல்லாத பயணம்

சேரமான் பெருமாளோடு அவர் கொண்ட நட்பு இவ்வரலாற்றின் மணிமுடி. நாள்தோறும் பூசை முடிவில் கூத்தப்பெருமானின் சிலம்பொலியைக் கேட்கும் பேறுடையவர் அச்சேரவேந்தர். ஒருநாள் அவ்வொலி காலந்தாழ்த்துக் கேட்க, தில்லையில் வன்றொண்டரின் பாடலைக் கேட்டிருந்தமையே காரணம் என இறைவர் உணர்த்தினார். தமக்குரிய ஒலியைத் தாழ்க்கச் செய்தவர் மீது அவ்வேந்தர் அழுக்காறு கொள்ளவில்லை. அத்தகையாரைக் காண வேண்டும் என்று நாடு விட்டுப் புறப்பட்டுத் திருவாரூர் வந்தார். இருவரும் உயிர்த்தோழராயினர்.

மறுமுறை சேரநாடு செல்லும் வழியில், கொங்கு நாட்டுத் திருப்புக்கொளியூராகிய அவிநாசியில், ஒரு வீட்டில் பூணூற் கலியாண ஒலியும் எதிர்வீட்டில் அழுகையொலியும் எழுவதை நம்பியாரூரர் கேட்டார். ஒருங்கு விளையாடிய சிறுவர் இருவருள் ஒருவனை முன்னர் முதலை விழுங்கிற்று. பிழைத்தவனுக்கு அன்று பூணூல் மங்கலம். மகனை இழந்த பெற்றோர், அடியார் வந்தார் என்றதும் தம் துயரை மறைத்து முகமலர்ந்து வணங்கினர். அவ்வன்பிற்கு நெஞ்சு நெகிழ்ந்த நம்பியாரூரர் பதிகம் பாட, முதலை அப்பிள்ளையைக் கரையில் உமிழ்ந்தது. அவனுக்கும் பூணூல் மங்கலம் செய்வித்த பின்னரே அவர் பயணம் தொடர்ந்தார். ஒரே தெருவில் ஒருவர் மகிழ ஒருவர் அழுவதைக் கேட்டும் கேளாதார்போல் கடந்து செல்ல அவரால் இயலவில்லை.

திருவஞ்சைக்களத்தில் ஆடிச் சுவாதித் திருநாளில் கயிலையிலிருந்து வெள்ளை யானை வந்தது. அதன்மீது ஏறும்போதும் அவர் நெஞ்சம் தோழரையே நினைந்தது. அதனை உணர்ந்த சேரமான், தம் குதிரையின் செவியில் திருவைந்தெழுத்தை ஓதி, விண்வழியே யானையைத் தொடர்ந்து வலம்வந்து முன்சென்றார். கயிலை வாயிலில் சேரமான் தடையுண்டு நின்றார். உட்புகுந்த நம்பியாரூரர், வணங்கிய பின் செய்த விண்ணப்பம், தோழர் வாயிலில் நிற்கின்றார் என்பதே. இறைவர் அவரையும் அழைப்பித்தருளினார்.

1010-ஆம் ஆண்டில் நிறைவெய்திய தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் உட்சுற்றில், 1931-இல் வெளிப்பட்ட சோழர் கால ஓவியங்களுள் இக்காட்சி உள்ளது. வெண்களிறும் வெண்பரியும் ஒரே சுவரில் ஒருங்கு விரைகின்றன. 100 பதிகங்களாக இன்று கிடைக்கும் ஏழாந்திருமுறையை அருளியவர், முத்தி நெறியிலும் தனியராகச் சென்றாரில்லை.

திருக்குடமுழுக்கில் அட்டபந்தனம் சாத்துதல் சிறப்பான கிரியைகளுள் ஒன்று. எட்டு வகைப் பொருள்களை இடித்து இளக்கி, திருவுருவும் பீடமும் அசையாது ஒன்றுமாறு அதனைச் சாத்துவர். தனித்தனியே கிடக்கும்போது அப்பொருள்கள் எதனையும் பிணிக்கமாட்டா. உலக்கை அடிபட்டு ஒன்றோடொன்று கலந்த பின்னரே அவற்றிற்கு அவ்வாற்றல் வருகின்றது. பொருளாலும் உழைப்பாலும் அறிவாலும் திருப்பணிக்குத் துணைநின்ற அன்பர்களின் உறவும் அத்தகையதே. கோபுரக் கலசத்தில் புனித நீர் பெய்யும் நன்னாளில், பேசாதிருந்த ஒருவரை அழைத்து அருகில் நிறுத்திக்கொள்ளுதல், தம்பிரான் தோழர் காட்டிய வழியில் செய்யும் வழிபாடாகும். அவ்வழி நின்று, அடியார் உறவும் ஆண்டவன் அருளும் ஒருங்கே பெற்று அன்பர் யாவரும் வாழ்க.

திருச்சிற்றம்பலம்